தீவிரம்: ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியம்



"அவரு ரொம்ப தீவிரமான ஆளு" என்று நாம் எத்தனையோ பேரைக் குறித்துச் சொல்லுகிறோம். கண்ணீரோடும் உரத்த சத்தத்தோடும் பேசுகிறவரையும் அப்படித்தான் சொல்லுகிறோம். ஒரே தெருவுக்கு இருபது வருஷமாய்ச் சத்தமில்லாமல் போய் வந்து, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரையும் அதே வார்த்தையால்தான் சொல்லுகிறோம். இந்த இரண்டு தீவிரமும் ஒன்றுதானா? இல்லையென்றால், நம்மிடத்தில் கேட்கப்படுவது எது? இந்த மாதம் இதைச் சற்று நிதானித்துப் பார்ப்போம்.

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பினவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு வாலிபத் தம்பி. "பாஸ்டர், இன்டென்ஸ், இன்டென்சிவ்னு ரெண்டு வார்த்தை இருக்கு. அகராதியில ரெண்டுக்கும் தீவிரம்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார். பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி. ஆனால் யோசிக்க யோசிக்க இது வாழ்க்கைக்கே உரிய கேள்வி என்று எனக்குப் பட்டது.

1. இரண்டு வார்த்தைகளின் வேறுபாடு

இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் ஒன்றை நோக்கி இழுத்துக் கட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தவை. ஆனால் வளர்ந்த விதம் வேறு.

இன்டென்ஸ் என்றால், ஒரு காரியம் தன்னிலே எவ்வளவு கடுமையாய் இருக்கிறது என்பதைச் சொல்லும். கடுமையான வெயில், தாங்க முடியாத வலி, கண் கூசும் வெளிச்சம், பொங்கி வரும் கோபம் இவையெல்லாம் இன்டென்ஸ். அது நமக்கு நேரிடுகிறது. நாம் அதை உணருகிறோம்.

இன்டென்சிவ் என்றால், ஒரு வேலையை எந்த விதமாய்ச் செய்கிறோம் என்பதைச் சொல்லும். ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கொண்டு, அல்லது ஒரு குறிப்பிட்ட காலத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் கவனத்தையும் பிரயாசத்தையும் குவிப்பது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போர்டு போட்டிருக்கிறதே, அது இன்டென்சிவ். உள்ளே படுத்திருக்கிறவருடைய வலி இன்டென்ஸ். அவருக்குப் பக்கத்தில் நின்று மணிக்கு மணி நாடி பார்க்கிற நர்ஸம்மாவின் வேலை இன்டென்சிவ். ஒரே அறைக்குள் இரண்டு தீவிரமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நம்முடைய முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. "அகல உழுகிறதை விட ஆழ உழு" என்றார்களே, அதுதான் இன்டென்சிவ்.

2. வயல் சொல்லிக் கொடுக்கும் பாடம்

நாம் டெல்டாக்காரர்கள். நமக்கு இதை வயலே சொல்லித் தரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை நாம் மறக்க முடியுமா? வேதாரண்யம் பக்கம் நுழைந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. எல்லாம் சில மணி நேரத்துக்குள். அது இன்டென்ஸ். ஆனால் அந்தத் தென்னைகளை உண்டாக்கினது எது? ஆறேழு வருஷம் தண்ணீர் கட்டி, வட்டப்பாத்தி எடுத்து, வண்டு அரிக்காமல் குருத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த கைகள். அது இன்டென்சிவ். ஒன்று ஒரே இரவில் வந்து போனது. மற்றது வருஷக்கணக்காய் நடந்தது.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். போட வேண்டிய அவ்வளவையும் ஒரே நாளில் கொட்டினால் பயிர் சீக்கிரமே கரும்பச்சையாய் நிற்கும். ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்தி, "யாரு வயல்யா இது?" என்று கேட்பான். அப்புறம் என்ன ஆகும்? புகையான் அடிக்கும், காற்றுக்குப் பயிர் சாயும், அறுப்பில் பதர்தான் மிஞ்சும். ஆகையால்தான் அடியுரம் என்றும், தூர் கட்டும்போது ஒரு பங்கு, கதிர் உருவாகும்போது ஒரு பங்கு என்றும் பிரித்துப் போடச் சொல்லுகிறார்கள். உரம் அதே உரம்தான். கண்ணைக் கவரும் பச்சை வேறு, களத்துக்கு வந்து சேரும் நெல் வேறு.

இதைப் படிக்கிற நமக்கு ஒரு கேள்வி வருகிறதல்லவா? நாம் மற்றவர்களை மெச்சும்போது எதைப் பார்த்து மெச்சுகிறோம்? பச்சையைப் பார்த்தா, நெல்லைப் பார்த்தா?

3. கோபன்ஹேகனில் நடந்த காரியம்

தீவிர சிகிச்சை என்பது எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

1952-ல் டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் பட்டணத்தில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. பிள்ளைகளுக்கு மூச்சுவிடும் தசைகளே செயலிழந்துபோயின. இரும்பு நுரையீரல் என்ற இயந்திரம் தேவைக்கு இல்லை. அப்படிப்பட்ட நோயாளிகளில் பத்துக்கு எட்டுப்பேருக்கு மேல் மரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பொழுது பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையாலே அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும்.

அமுக்குகிற கையை நிறுத்தினால் பிள்ளை செத்துப்போகும். யார் அமுக்குவது? ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். அவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், வாரக்கணக்காய், மாதக்கணக்காய் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கிற்று. அடுத்த வருஷமே, 1953-ல், இப்சன் இதற்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதுதான் முன்னோடி.

அந்த மாணவர்களைக் குறித்து யோசித்துப் பாருங்கள். முதல் ராத்திரி அவர்களுக்குள் பதற்றமும் இரக்கமும் பொங்கியிருக்கும். முப்பதாவது ராத்திரி? கை வலித்திருக்கும், தூக்கம் வந்திருக்கும், மனது மரத்துக்கூடப் போயிருக்கும். ஆனால் பிள்ளையின் மூச்சு அவர்கள் மனதில் எவ்வளவு உணர்ச்சி இருந்தது என்பதைப் பொறுத்து நிற்கவில்லை. பை அமுங்கினதா இல்லையா என்பதைப் பொறுத்தே நின்றது.

4. கடமையாய்க் கேட்கப்படுவது எது?

இப்பொழுது நம்முடைய கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

நம்முடைய வீடுகளில் படுக்கையாய்க் கிடக்கிற மாமனாரை, மாமியாரைப் பார்த்துக்கொள்ளுகிற சகோதரிகள் அநேகர் உண்டு. மூன்று வருஷம், நான்கு வருஷம். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டி, ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு எழுந்து... அப்படிப்பட்டவர்களில் சிலர் என்னிடத்தில் வந்து மெதுவாய்ச் சொல்லுவார்கள்: "ஐயா, எல்லாம் செய்யிறேன். ஆனா மனசுல பாசம் வத்திப்போச்சு. அழுகைகூட வர்றதில்ல. நான் செய்யிறது வேஷமா ஐயா?"

இதைவிடப் பாரமான கேள்வி எது? அதற்கு நான் சொல்லுகிற பதில் இதுதான்: அம்மா, அது வேஷம் அல்ல. வேஷம் என்பது உணர்ச்சி இருக்கிறதாய்க் காட்டிவிட்டுச் செய்கையை விட்டுவிடுவது. நீங்கள் செய்வது அதற்கு நேர் எதிரானது.

ஜெர்மன் தேசத்துத் தத்துவஞானி காண்ட் 1785-ல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் இதையே ஆராய்ந்தார். பிறனை நேசி, பகைவனையும் நேசி என்று வேதம் கட்டளையிடுகிறதே, அன்பைக் கட்டளையிட முடியுமா என்பது பிரச்சினை. அவர் சொன்ன கருத்து என்னவென்றால், மனதில் தானாய் எழும்பும் உருக்கமான அன்பை யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. நன்மை செய்கிற அன்பை, விருப்பம் இல்லாத வேளையிலும் கையினால் செய்கிற அன்பை மட்டுமே கட்டளையிட முடியும். நம்முடைய இரண்டு வார்த்தைகளில் சொன்னால், இன்டென்ஸாய் உணரு என்று ஒருவருக்கும் உத்தரவு போட முடியாது. இன்டென்சிவாய்ப் பார்த்துக்கொள் என்று கேட்க முடியும்.

நல்ல சமாரியன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மனதுருகினான் என்பதற்கு அங்கே ஒரே ஒரு வினைச்சொல்தான். அதற்குப் பின்பு எத்தனை! கிட்ட வருகிறான், எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், பராமரிக்கிறான், மறுநாள் பணம் எடுத்துக் கொடுக்கிறான், திரும்பி வரும்போது மீதியையும் தருகிறேன் என்கிறான். உருக்கம் ஒரு வார்த்தை. பராமரிப்பு ஒரு பட்டியல்.

அப்படியானால் உணர்ச்சி வேண்டாமா? வேண்டும். உருக்கம் இல்லாதிருந்தால் அவனும் மற்ற இருவரைப்போலப் பக்கமாய் விலகிப் போயிருப்பான். உருக்கம் அவனை நிற்க வைத்தது. ஆனால் அடிபட்டவனைப் பிழைக்க வைத்தது அதற்குப் பின் செய்த வேலை.

5. குவித்தால் மட்டும் போதுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படின்னா இன்டென்சிவ்தான் நல்லது, இன்டென்ஸ் கெட்டது" என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. ஏனென்றால் குவிப்பது என்றாலே, ஒன்றின் மேல் கவனத்தை வைத்து மற்றொன்றை வெளியே விடுவதுதான். எதன் மேல் குவிக்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பது பெரிய கேள்வி. இதற்கும் சாட்சி நம்முடைய தஞ்சைதான்.

1959-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷனின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடியைக் குறித்து ஓர் அறிக்கை கொடுத்தது. சில வருஷங்களில் 2 கோடியே 80 லட்சம் டன் தானியம் பற்றாக்குறையாகும் என்று எச்சரித்தது. உரத்தையும் பணத்தையும் ஆட்களையும் தேசமெங்கும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிக்க வேண்டாம், தண்ணீர் நிச்சயமுள்ள சில மாவட்டங்களில் குவியுங்கள் என்பதே அதன் ஆலோசனை. அதன்படி 1960-61-ல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கிற்று. பேக்கேஜ் திட்டம் என்றும் சொல்லுவார்கள். முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் லூதியானா, அலிகார், மேற்குக் கோதாவரி ஆகியவற்றோடு நம்முடைய தஞ்சாவூரும் ஒன்று. அன்றைய தஞ்சாவூர் என்றால் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன், நல்ல விதை, உரம், பூச்சி மருந்து, வயலுக்கு வயல் தனித் திட்டம், அதிகமான கிராம சேவகர்கள் என்று எல்லாம் ஒன்றாய் வந்தது. பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி.27 நெல்லும் வந்தது. இன்டென்சிவ் என்ற வார்த்தை நம்முடைய மண்ணில் அரசாங்க முத்திரையோடு நடமாடிய காலம் அது.

அந்தத் திட்டம் பசியைக் குறித்த நல்ல நோக்கத்தோடு வந்தது. அதை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அது குவிந்தது நிலத்தின் மேல், விளைச்சலின் மேல். வயலில் இறங்கிக் குனிந்து நடுகிறவளின் கூலி அந்தப் பட்டியலில் ஒரு தலைப்பாய் இல்லை.

1968 டிசம்பர் 25. அன்று இரவு, அதே தஞ்சை மாவட்டத்தில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். கிறிஸ்துமஸ் இரவு! பேக்கேஜ் திட்டத்தினால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தகராறும் சாதிக் கொடுமையும் கூலிச் சண்டையும் அதற்கு வெகு முன்பே இங்கே இருந்தவை. ஆனால் ஒரு காரியம் கவனிக்க வேண்டியது. நெல் பயிருக்கு எத்தனை கரிசனை வேண்டுமோ அத்தனையும் வாரி இறைக்கப்பட்ட மாவட்டத்தில், அந்த நெல்லை நட்டவர்களுக்கு அந்தக் கரிசனை எட்டவில்லை. கவனம் போகாத அந்த இடத்தில் வெறுப்பு வளர்ந்து, கடைசியில் நெருப்பாய் எரிந்தது. தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அதற்கு அடுத்த வருஷம், 1969-ல்தான் வந்தது.

இரண்டு தீவிரமும் வழிதவறக்கூடும் என்பதை இதில் காண்கிறோம். அந்த இரவில் குடிசைக்குத் தீ வைத்தவர்களின் கோபமும் இன்டென்ஸ்தான்.

6. திருந்திய என்ற வார்த்தை

இன்னொரு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலனி என்ற பிரெஞ்சு தேசத்துக் கத்தோலிக்கக் குருவானவர் ஏழை விவசாயிகளோடு வயலில் நின்று வேலை செய்தார். 1980-களின் தொடக்கத்தில் அவர் ஒரு நெல் சாகுபடி முறையைக் கண்டார். அதன் ஆங்கிலப் பெயரிலும் இந்த இன்டென்சிவ் சொந்தக்கார வார்த்தைதான் இருக்கிறது. 2000-க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதித்து, காவிரி டெல்டாவிலும் தாமிரபரணிப் பாசனத்திலும் விவசாயிகளின் வயலுக்குக் கொண்டுவந்தது. தமிழில் அதற்குத் "தீவிர நெல் சாகுபடி" என்று பெயர் வைக்கவில்லை. "திருந்திய நெல் சாகுபடி" என்று வைத்தார்கள். செம்மை நெல் சாகுபடி என்றும் சொல்லுகிறார்கள்.

அதில் என்ன விசேஷம்? எதையும் அதிகமாய்க் கொட்டுவதில்லை. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதை போகிற இடத்தில் இரண்டு, மூன்று கிலோ போதும். 14 நாள் இளம் நாற்று. குத்துக்கு ஒரே ஒரு நாற்று. சதுரமாய் இடைவெளி விட்டு நடவு. தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாய்க் கட்டுவது. களையை உருளைக் கருவியால் மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிடுவது. விதை குறைவு, தண்ணீர் குறைவு. ஆனால் ஒவ்வொரு நாற்றுக்கும் கவனம் அதிகம். "இது ரொம்ப ஆள் புடிக்கும், இடுப்பு ஒடியும்" என்று நடவுப் பெண்கள் முதலில் முறையிட்டது உண்மைதான். கவனம் என்பது விலையில்லாமல் வருகிறதில்லை. அந்த விலையையும் யாருடைய இடுப்பு கொடுக்கிறது என்று பார்த்து, கூலியில் அதைக் கணக்கில் சேர்க்கிறவனே நிஜமாய்த் திருந்தியவன்.

குவிப்பதோடு திருத்தமும் சேரும்போதுதான் இன்டென்சிவ் என்ற வார்த்தைக்கு முழு அர்த்தம் கிடைக்கிறது என்று நான் நினைக்கிறேன். கூட்டமாய்ப் பார்க்காமல், குத்துக் குத்தாய், ஒவ்வொருவராய்ப் பார்ப்பது.

நம்முடைய சபைத் தமிழிலும் இந்த இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று "அனல்". மற்றொன்று "கருத்தாய்". அனலாய் இருக்கிறான் என்றால் இன்டென்ஸ். கருத்தாய்ச் செய்கிறான் என்றால் இன்டென்சிவ். அனல் கூடும், குறையும். அது மனுஷ சுபாவம். கருத்தை அப்படி விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை.

ஆகையால் இந்த மாதம் நம்மை நாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுவோம்:

1. நான் யாரைக் குறித்து அதிகம் உருகிப் பேசுகிறேன்? அவருக்காக இந்த வாரம் என் கை செய்த வேலை என்ன?

2. என் வீட்டில், சத்தமில்லாமல் தினமும் ஒரு பாரத்தைச் சுமக்கிறவர் யார்? அவருக்கு ஒரு ராத்திரியாவது நான் முறை மாற்றிக் கொடுத்தேனா?

3. நான் கருத்தாய்ச் செய்கிற காரியத்தில் என் கவனத்துக்கு வெளியே நிற்கிற ஆள் யார்? என் வயலில், என் கடையில், என் வீட்டு வாசலில் வேலை செய்கிறவருடைய கூலி ஞாயமாய் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பா நடவு நடக்கிற நேரம் இது. கூலி கொடுக்கிற நாள் இந்தச் சனிக்கிழமையே வருகிறது.